மேரி கிளப்வாலா ஜாதவ்

மேரி கிளப்வாலா ஜாதவ் (1909 – 1975) சென்னையில் வாழ்ந்த சமூகப் பணியாளரும் சென்னை சமூகப்பணிப் பள்ளியின் நிறுவனரும் ஆவார். சமூகப்பணியை ஒரு பாடமாகப் பயின்று, களத்தில் பயிற்சி பெற்று, தகுதியுள்ள பணியாளராக வெளிவரும் வாய்ப்பு தென்னிந்தியாவில் முதன்முதலாக 1952 இல் இப்பள்ளியின் மூலமே கிடைத்தது. இந்திய அரசின் பத்மஸ்ரீ, பத்ம பூசண், பத்ம விபூசண் ஆகிய மூன்று விருதுகளையும் பெற்றவர். இவர் இளமையில் சென்னையில் அத்தகைய படிப்பு எதுவும் இருக்கவில்லை. தொண்டு செய்தே தொழிலைக் கற்றுக்கொண்ட ஒருவர், தொண்டுள்ளம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்ற முடிவுக்கு வந்து அதற்கென ஒரு பள்ளியை நிறுவியதே இவரது வாழ்வின் முக்கிய நிகழ்வாகக் கருதத்தக்கது.

பிறப்பும் குடும்பமும்

மேரி 1909 இல் உதகமண்டலத்தில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் பெயர் ரசுதம் பட்டேல். பள்ளிக்கல்வியைச் சென்னையில் பெற்றார். இளம் வயதிலேயே நோகி கிளப்வாலா என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகன் உண்டு.

சென்னையில் பார்சிகள் எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகத்தினர். வணிகத்தை முன்னிட்டு வந்து தங்கிய இவர்களில் பலர் இராயபுரம் பகுதியில் வாழ்ந்தனர். 1910 இல் அங்கு கட்டப்பட்ட நெருப்புக் கோயில் கிளப்வாலா என்ற பெயரையே தாங்கியுள்ளது. தமிழ்நாட்டில் உள்ள ஒரே பார்சிக் கோயில் இதுவாகும். வாலா என முடியும் பார்சிக் குடும்பப் பெயர்கள் பலவும் முன்னோரின் தொழிலையோ ஊரையோ குறிப்பவை.

1935 இல் நோகி கிளப்வாலா நோயுற்று இறந்தார். அப்போது மேரியின் வயது 26. சிறு மகனுடன் தனித்து விடப்பட்ட இவர் இதன் பின்னர் முழுநேரமாகப் பொதுப்பணியில் இறங்கினார். பல ஆண்டுகளுக்குப் பின், இதே துறையில் ஈடுபாடு கொண்டிருந்த இராணுவ அதிகாரி மேஜர் சந்திரகாந்த் ஜாதவை மறுமணம் செய்துகொண்டார். இரு கணவரின் குடும்பப் பெயர்களையும் சேர்த்தே கடைசி வரை தன் பெயரை எழுதி வந்தார்.

கில்ட் ஆஃப் சர்வீஸ்

1923 இல் சென்னை ஆங்கிலிக்கத் திருச்சபைப் பேராயரின் துணைவியார் வாலர் அம்மையாரால் தொடங்கப்பட்ட தொண்டு நிறுவனம் கில்ட் ஆஃப் சர்வீஸ் ஆகும். தொடக்கத்தில் வசதி படைத்த வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் மருத்துவமனைகளுக்கும் இல்லங்களுக்கும் சென்று உதவும் ஓர் அமைப்பாகவே இது இருந்தது. மேரி இதில் தன்னார்வலராகச் சேர்ந்து பின்னர் கௌரவச் செயலாளராகப் பொறுப்பேற்றார். பல ஆண்டுகள் இந்நிறுவனமும் இவரும் பிரித்துப் பார்க்க முடியாதபடி இணைந்திருந்தனர்.

அக்காலச் சென்னையில் தொண்டு நிறுவனங்களுக்குக் குறைவில்லை. 1928 இல் மதராஸ் சேவா சதனமும், 1930 இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லமும், 1937 இல் துர்காபாய் தொடங்கிய ஆந்திர மகிளா சபையும் தோன்றின. சட்டங்களிலும் சென்னை மாகாணம் முன்னோடியாக இருந்தது. சிறாருக்கெனத் தனிச் சட்டம் இந்தியாவில் முதன்முதலில் 1920 இல் இங்குதான் இயற்றப்பட்டது. குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடுவதற்கான நன்னடத்தைச் சட்டம் 1936 இல் வந்தது. இச்சட்டங்களை நடைமுறைப்படுத்த வேண்டுமானால் ஒரு சிறுவனின் வீட்டுக்குச் சென்று, குடும்பச் சூழலை விசாரித்து, நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதித் தரக்கூடிய ஆட்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்களை உருவாக்கும் கல்வி நிலையம் மாகாணத்தில் ஒன்றுகூட இல்லை.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப் போரின்போது 1942 இல் மேரி இந்திய உபசரிப்புக் குழுவை அமைத்தார். சென்னையில் தங்கியிருந்த, சென்னை வழியாகச் சென்ற இந்தியப் படையினருக்கு உதவுவதே இதன் நோக்கம். ஆங்கிலேயப் படையினருக்கு இத்தகைய வசதிகள் பல இருந்தன. இந்தியச் சிப்பாய்களுக்கு அவை கிடைக்கவில்லை என்பதே இக்குழு தோன்றக் காரணம்.

வெவ்வேறு சமயத்தையும் சாதியையும் சேர்ந்த பெண்கள் இக்குழுவில் பணியாற்றினர். நடமாடும் சிற்றுண்டிச் சாலைகளை நடத்துவது, காயமுற்றுப் படுக்கையில் இருந்தவர்களைச் சென்று பார்ப்பது, கைவேலை கற்றுக்கொடுத்து அவர்களது கவனத்தைத் திருப்புவது ஆகியன முக்கியப் பணிகள். வீட்டை விட்டு வெளியே வந்து பழக்கமில்லாத பெண்களை முன்பின் அறியாத போர்வீரர்களிடையே பணியாற்ற வைப்பது அந்நாளில் எளிய செயல் அன்று. பர்மா போர்முனையில் போரிட்ட 14 ஆவது படை இவரது உதவியைப் பாராட்டி சப்பானிய வாள் ஒன்றைப் பரிசளித்தது. போர் முடிந்த பின்னர், திரும்பி வந்த படைவீரர்களின் மறுவாழ்வுக்காகவும் அவர்களது குடும்பங்களின் நலனுக்காகவும் இவர் உழைத்தார். பிரித்தானிய அரசு இவருக்கு எம்.பி.ஈ. விருதினை வழங்கியது.

தன்னார்வலர்களைக் கொண்டு எவ்வளவு சாதிக்க முடியும் என்பதைப் போர்க்காலம் காட்டியது. அதன் எல்லையையும் அதுவே காட்டியது எனலாம். காயம் ஆறாத ஒருவருக்குத் தேநீர் கொடுக்க ஆர்வம் போதும். கை இழந்து ஊர் திரும்புபவர் அங்கு எப்படிப் பிழைப்பார், அவர் மனைவியிடம் என்ன பேச வேண்டும், எந்த அரசு அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் ஆர்வம் மட்டுமே சொல்லித்தராது.

பயிற்சியின் தேவை

சமூகப்பணியைக் கல்வியாகக் கற்பிக்கும் வழக்கம் உலகில் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. 1898 இல் நியூயார்க் நகரில் அறப்பணியாளர்களுக்காக 6 வாரக் கோடைகால வகுப்பு ஒன்று நடத்தப்பட்டது. அதுவே பின்னாளில் முழுமையான கல்லூரியாக வளர்ந்தது. உதவி கேட்டு வருபவரின் நிலையை ஒரு மருத்துவர் நோயை ஆராய்வது போல முறைப்படி ஆராய வேண்டும் என்ற கருத்தை அமெரிக்காவின் மேரி ரிச்மண்ட் 1917 இல் வெளியான தம் நூலில் விரிவாக முன்வைத்தார்.

இந்தியாவில் இதன் தொடக்கம் பம்பாயில் ஆகும். அந்நகரின் நாக்பாடா பகுதியில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரியார் கிளிபர்ட் மான்சார்ட் என்பவரின் முயற்சியால் 1936 இல் சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளி நிறுவப்பட்டது. இது 1944 இல் டாட்டா சமூக அறிவியல் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மான்சார்டுக்குப் பின் இதன் இயக்குநராக இருந்தவர் தமிழரான ஜே. எம். குமரப்பா. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் அண்ணன் இவர். தொடர்ந்து 1946 இல் தில்லியிலும் 1947 இல் காசி வித்யாபீடத்திலும் சமூகப்பணிக் கல்வி தொடங்கியது. தெற்கே எதுவும் இல்லை.

இதனால் ஏற்பட்ட இடரை ஒரு மாவட்டத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் நிர்வாகம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து நடைபெற்றது. கேப்பர் மலையில் மத்திய சிறைச்சாலை இருந்தது. நெல்லிக்குப்பத்தில் பெரிய சர்க்கரை ஆலை இருந்தது. சிதம்பரத்தில் 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இயங்கி வந்தது. அங்கு தமிழ், இசை, பொருளியல் எனப் பல துறைகளில் பட்டம் பெற முடிந்தது. ஆனால் சிறையில் இருந்து வெளிவருபவருக்கோ, ஆலைத் தொழிலாளிக்கோ, அனாதைச் சிறுவனுக்கோ துணை நிற்பதைத் தொழிலாகக் கற்க விரும்பிய மஞ்சக்குப்பத்து இளைஞர் ஒருவர் பம்பாய்க்கோ அதற்கும் அப்பாலோ செல்ல வேண்டியிருந்தது. பெண்ணாக இருந்தால் அதற்கான வாய்ப்பு மேலும் அரிது.

இதே காலத்தில் தகுதி பெற்றவர்களுக்கான தேவை திடீரெனப் பெருகியது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. அவருக்கான தகுதியை மாநில அரசுகள் விதிகளின் மூலம் வரையறுத்தன. சமூக அறிவியல் பட்டமோ பட்டயமோ அதில் முக்கிய இடம் பெற்றது. பின்னர் 1955 ஆம் ஆண்டின் சுரங்க விதிகளும் இதேபோன்ற ஏற்பாட்டைச் செய்தன. 1956 இல் தென்னாற்காட்டில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபோது இவ்விதி அம்மாவட்டத்துக்கும் நேரடியாகப் பொருந்தியது. 1952 அக்டோபர் 2 இல் சமுதாய வளர்ச்சித் திட்டமும், 1953 இல் துர்காபாய் தேஷ்முக்கின் தலைமையில் மத்திய சமூக நல வாரியமும் தொடங்கப்பட்டன. பணியிடங்களைச் சட்டமும் அரசும் உருவாக்கின. அவற்றில் அமரத் தக்கவர்களை உருவாக்க வேண்டியிருந்தது.

சென்னை சமூகப்பணிப் பள்ளி

1952 இல் கில்ட் ஆஃப் சர்வீசும் இந்திய சமூகப்பணி மாநாட்டின் சென்னை மாநிலக் கிளையும் இணைந்து சென்னை சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கின. இம்முயற்சிக்கு மேரி தலைமை தாங்கினார். எழும்பூர் காசா மேஜர் சாலையில் இப்பள்ளி அமைந்துள்ளது. இது இந்தியாவின் இரண்டாவது சமூகப்பணிப் பள்ளி எனச் சில இடங்களில் எழுதப்படுவதுண்டு. தில்லி, காசி ஆகியவற்றின் ஆண்டுகளை நோக்கினால் இது பொருந்தாது. தென்னிந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி என்பதே சரியானது. இதே 1952 ஆம் ஆண்டில் கொழும்பிலும் சமூகப்பணிக் கல்விக்கென ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது என்பது இங்கு ஒப்பு நோக்கத்தக்கது.

தொடக்கத்தில் இப்பள்ளி பட்டயம் மட்டுமே வழங்கியது. பிற்காலத்திலேயே சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டு முதுகலைப் பட்டம் வழங்கும் நிலையை எட்டியது. பின்னர் தன்னாட்சித் தகுதியும் பெற்றது.

சமூகப்பணிக் கல்வியை மற்றப் படிப்புகளில் இருந்து வேறுபடுத்துவது களப்பணியாகும். மாணவர் வாரத்தின் சில நாட்களை வகுப்பிலும், எஞ்சிய நாட்களை மருத்துவமனை, சிறார் இல்லம், தொழிற்சாலை, குடிசைப் பகுதி போன்ற ஏதேனும் ஓரிடத்திலும் கழிக்க வேண்டும். அங்கு யாரைச் சந்தித்தார், என்ன கேட்டார், அவர் என்ன சொன்னார், தான் என்ன செய்தார் என்பதை அன்றே எழுதி மேற்பார்வையாளரிடம் தர வேண்டும். மேற்பார்வையாளர் அதைப் படித்து, எங்கே அவசரப்பட்டார், எங்கே தன் கருத்தை எதிராளி மீது திணித்தார் என்பதை எடுத்துக் காட்டுவார். நூலறிவை விட இந்தத் திருத்தமே ஒருவரைப் பணியாளராக ஆக்குகிறது என்பது இத்துறையினரின் பொதுவான கருத்து. தனியாளுடன் பணிபுரிதல், குழுவுடன் பணிபுரிதல், சமுதாய அமைப்பு ஆகிய மூன்றும் அடிப்படை முறைகளாகக் கற்பிக்கப்படுகின்றன. இவற்றுடன் உளவியல், சமூகவியல், சட்டம், ஆய்வு முறை ஆகியனவும் உண்டு.

பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி அன்று பரவலாக எழுந்தது. இன்றும் எழுவதுண்டு. காசநோய் மருத்துவமனையில் ஒருவர் பாதியில் மருந்தை நிறுத்திவிடுகிறார் எனக் கொள்வோம். நல்லெண்ணம் கொண்ட தன்னார்வலர் அவருக்குப் பழம் வாங்கித் தருவார், மருந்தைத் தவறாமல் உண்ணுமாறு அறிவுரை கூறுவார். பயிற்சி பெற்றவர் ஏன் நிறுத்தினார் என்பதில் இருந்து தொடங்குவார். மருத்துவமனைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகிறதா, பேருந்துக் கட்டணம் இல்லையா, வீட்டில் நோயை மறைத்திருக்கிறாரா என ஒவ்வொன்றாக அறிந்து, அதற்கேற்ப முதலாளியிடமோ மனைவியிடமோ மருத்துவரிடமோ பேசுவார். நோயாளி சொன்ன இரகசியத்தைக் காப்பதும் அவருக்குக் கடமை. உதவி பெறுபவர் நன்றி சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை, ஏனெனில் அது அவரது ஊதியம் பெறும் வேலை.

ஊதியம் என்ற இக்கருத்து அன்றைய சென்னையில் எளிதில் ஏற்கப்படக்கூடியதாக இருக்கவில்லை. தொண்டுக்குக் கூலியா என்ற தயக்கம் இயல்பானது. கௌரவப் பதவியில் ஊதியமின்றி வாழ்நாளைக் கழித்த ஒருவரே, அடுத்த தலைமுறை ஊதியத்துடனும் தகுதிச் சான்றுடனும் இப்பணியைச் செய்ய வேண்டும் என்று வழி அமைத்தார். வசதி உள்ளவர்கள் மட்டுமே ஊதியமின்றிப் பணிபுரிய முடியும் என்பதால், நடுத்தர, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இத்துறையின் கதவு திறந்தது இம்மாற்றத்தினால்தான்.

பிற பணிகள்

பள்ளி தொடங்கிய பின்னரும் கில்ட் ஆஃப் சர்வீசின் பணிகளை மேரி தொடர்ந்து விரிவுபடுத்தினார். ஆதரவற்ற சிறுவர் சிறுமியருக்கான சேவா சமாஜம் இல்லங்கள், அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கான பால விகார் ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அறிவுசார் குறைபாடு முற்பிறவிப் பயன் எனப் பலரும் எண்ணிக் குழந்தைகளை வீட்டுக்குள் மறைத்து வைத்த காலத்தில் பால விகார் அவர்களுக்குப் பயிற்சி அளித்தது. இத்தகைய நிறுவனங்கள் சமூகப்பணி மாணவர்களுக்குக் களமாகவும் பயன்பட்டன.

1956 இல் சென்னை நகர ஷெரீப்பாக நியமிக்கப்பட்டார். அதிகாரம் குறைந்த, மதிப்பு மிகுந்த இப்பதவி பின்னாளில் ஒழிக்கப்பட்டுவிட்டது.

விருதுகள்

1955 இல் பத்மஸ்ரீ, 1968 இல் பத்ம பூசண், 1975 இல் பத்ம விபூசண் ஆகிய விருதுகள் வழங்கப்பட்டன. துர்காபாய் தேஷ்முக், எம். எஸ். சுப்புலட்சுமி ஆகியோரும் 1975 இல் பத்ம விபூசண் பெற்றவர்களே. அதே ஆண்டில் மேரி காலமானார்.

விமர்சனங்கள்

இவர் உருவாக்கிய கல்வி முறை மீது சில விமர்சனங்கள் உண்டு. பாடத்திட்டம் அமெரிக்க, ஆங்கிலேய முறைகளை ஒட்டியே அமைந்தது, சாதி, நிலம், கடன் போன்ற இந்நாட்டுச் சிக்கல்களுக்கு அதில் போதிய இடம் இல்லை என்பது ஒன்று. இது இந்தியச் சமூகப்பணிப் பள்ளிகள் அனைத்தின் மீதும் வைக்கப்படும் விமர்சனம் ஆகும். ஆங்கிலவழிக் கல்வியில் தேறி, தமிழ் மட்டுமே அறிந்த மக்களிடம் பணிபுரியச் செல்வதில் உள்ள இடைவெளி மற்றொன்று. தமிழில் இத்துறைக்கான பாடநூல்கள் இன்றும் குறைவாகவே உள்ளன.

மூன்றாவது விமர்சனம் கூடுதல் கவனத்துக்கு உரியது. தொழிலாளர் நல அலுவலர் பணிக்கென வந்த மாணவர்கள் காலப்போக்கில் நிறுவனங்களின் பணியாளர் மேலாண்மைப் பிரிவுகளுக்குச் சென்றனர். பின்னர் அப்பிரிவே மனிதவள மேலாண்மை எனப் பெயர் பெற்றுத் தனிப் படிப்பாக வளர்ந்தது. தொழிலாளியின் பக்கம் நிற்கப் பயின்றவர் நிர்வாகத்தின் பக்கம் அமர்வது நோக்கத்தில் இருந்து விலகல் என்று சிலரும், வேலைவாய்ப்பு இல்லாமல் எந்தத் தொழில்முறைக் கல்வியும் நிலைக்காது என்று சிலரும் கருதுகின்றனர். பள்ளி நிலைபெற்றதில் இவ்வேலைவாய்ப்புக்குப் பெரும் பங்கு இருந்தது என்பதை மறுக்க இயலாது.

தொழில்முறைத் தகுதியின் இன்றைய நிலை

மேரி தொடங்கிய பணியில் ஒரு பகுதி இன்றும் நிறைவு பெறவில்லை. மருத்துவர், வழக்கறிஞர், செவிலியர் ஆகியோருக்கு இருப்பது போலச் சமூகப் பணியாளர் அனைவரையும் பதிவு செய்து உரிமம் வழங்கும் தேசிய அளவிலான தனி மன்றம் இந்தியாவில் அமைக்கப்படவில்லை. பிலிப்பீன்சு 1965 இலேயே இதற்கெனச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்தில் 2005 முதல் பதிவு பெறாதவர் சமூகப் பணியாளர் என்ற பட்டத்தைப் பயன்படுத்துவது குற்றமாகும். இந்தியாவில் எவரும் தம்மைச் சமூகப் பணியாளர் என அழைத்துக்கொள்ளலாம். தமிழில் சமூக சேவகர், சமூக ஆர்வலர், சமூகப் பணியாளர் ஆகிய சொற்கள் வேறுபாடின்றி வழங்குவதற்கும் இதுவே காரணம்.

2015 ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இச்சட்டத்தின்படி ஒவ்வொரு இளைஞர் நீதிக் குழுமத்திலும் நடுவருடன் இரு சமூகப் பணியாளர்கள் இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். அவர்களுக்கான தகுதியாக 7 ஆண்டுக் குழந்தை நலப்பணி அனுபவம் அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் புரிபவராக இருத்தல் குறிப்பிடப்பட்டுள்ளது. சமூகப் பணியாளருக்கான அந்தத் தகுதிப் பட்டியலில் சமூகப்பணிப் பட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.

மருத்துவத் துறையில் நிலைமை ஓரளவு மாறியுள்ளது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநலச் சமூகப் பணியாளர்களை மாநில மனநல ஆணையங்களில் பதிவு செய்ய வழிவகுத்தது. 2021 ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்கள் ஆணையச் சட்டம் மருத்துவச் சமூகப் பணியாளர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோரைத் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. சிறை, பள்ளி, கிராமம், தொழிற்சாலை ஆகிய இடங்களில் பணிபுரிவோர் இவ்வட்டவணைக்கு வெளியே உள்ளனர்.